சாக்கு சார்

மைசூரு கோகுலத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தெருவில் நடந்தால், சுருட்டிய பாயைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் வெளிநாட்டவர்களைப் பார்க்கலாம். யோகம் பயில வந்தவர்கள். மைசூரு மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1930களில் ஜகன்மோகன் அரண்மனையில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாருக்கு ஒரு யோகசாலை வைத்துக் கொடுத்தார். அவரிடம் பயின்ற பட்டாபி ஜோயிஸும் பி.கே.எஸ். ஐயங்காரும் பிற்காலத்தில் உலகத்தையே தலைகீழாக நிற்க வைத்தார்கள். அந்தப் புண்ணியம் இன்றும் இந்த ஊருக்கு வருமானமாக வந்துகொண்டிருக்கிறது. பாவம், விமானச் சீட்டு, வீட்டு வாடகை, மாதக் கட்டணம் என்று அவர்களுக்கு எவ்வளவு செலவு! நான் குவெம்புநகரில் என் வீட்டு முன்னறையை விட்டு நகராமல் 18,500 ரூபாய்க்கு அத்தனையும் பெற்றுவிட்டேன். மூச்சை அடக்கப் பழகினேன். கழுத்தை ஒரே கோணத்தில் மணிக்கணக்காக நிறுத்தப் பழகினேன். பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்யவும் பழகிவிட்டேன். எல்லாம் ஒரு கணினியும் ஒரு திரையும் போட்ட பிச்சை. குருவை வாழ்த்தாமல் இருந்தால் வித்தை தங்காது என்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் தொழில் மெய்ப்புத் திருத்துவது. சென்னைப் பதிப்பகங்கள் அனுப்பும் புத்தகங்களை இங்கே உட்கார்ந்து படித்து, ஒற்று மிகுந்ததா மறைந்ததா என்று பார்த்துத் திருப்பி அனுப்புவேன். பல வருடம் ஒரு மடிக்கணினியில் ஓட்டினேன். அதன் கீல் கழன்று, மூடியைச் சுவரில் சாய்த்து வைத்தால்தான் நிற்கும் என்ற நிலை வந்தபோது, வீட்டில் ஓர் அலுவலகத்தை முறையாக அமைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். முறையாக என்றால் மலிவாக.

நாளும் பொழுதும் கூடி வந்தன. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி எழுத்தாளர் பானு முஷ்டாக் சாமுண்டி மலையில் தசராவைத் தொடங்கி வைத்தார். அதே நாளில் புதிய ஜி.எஸ்.டி. விகிதங்களும் நடைமுறைக்கு வந்தன. தெருவெல்லாம் சீரியல் விளக்கு, கடையெல்லாம் 'வரி குறைந்தது' என்ற பதாகை. தேவராஜ அரசு ரோட்டில் நான் போன கடையிலும் ஒன்று தொங்கியது. கணினிக்கு முதல் நாளும் 18 சதவீதம்தான், மறுநாளும் 18 சதவீதம்தான். 32 அங்குலம் வரையிலான திரைகளுக்கு 2019 ஜனவரியிலேயே 28லிருந்து 18க்கு இறக்கிவிட்டார்கள். இந்த முறை இறங்கியது அதைவிடப் பெரிய டி.வி.க்களுக்கு. ஆனாலும் அந்தக் கடைக்காரர் ஆறேமுக்கால் வருடத்துக்கு முந்தைய சந்தோஷத்தை மறக்காமல் தோரணம் கட்டிக் கொண்டாடினார். இந்தக் காலத்தில் யார் அரசாங்கத்துக்கு இவ்வளவு நன்றி பாராட்டுகிறார்கள்?

கடைப் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். "சார் தமிழா? தமிழ் கொத்து சார், பன்னி பன்னி" என்று வரவேற்றான். 'கொத்து' என்றால் தெரியும், 'பன்னி' என்றால் வாருங்கள். இந்த ஊருக்கு வந்த புதிதில் பன்னிக்கு நானும் முறைத்திருக்கிறேன். இப்போது பழகிவிட்டது. பழகாத சொல் ஒன்றுதான் பாக்கி. கன்னடத்தில் 'போதும்' என்பதற்கு ஒரு சொல் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் காதில் அது இன்றுவரை 'சாக்கு' என்றே விழுகிறது.

"நினைவகம் எவ்வளவுப்பா?"

"நால்க்கு ஜி.பி. சாக்கு சார்."

"ஹார்டு டிஸ்க்தானா? எஸ்.எஸ்.டி. இல்லையா?"

"டைப்பிங் வர்க்குதானே? ஹார்டு டிஸ்க் சாக்கு சார்."

"திரை கொஞ்சம் பெரிதாக..."

"நோடி சார், ஹதினெண்டூவரே இஞ்ச். சாக்கு." பாருங்கள், பதினெட்டரை அங்குலம் போதும் என்கிறான்.

சிரவணபெளகுளத்தில் பாகுபலி எல்லாவற்றையும் துறந்துவிட்டு ஆயிரம் வருடங்களுக்கு மேலாக நிற்கிறார். அவருக்குப் பிறகு 'போதும்' என்ற சொல்லின் முழுப் பொருளை உணர்ந்தவன் இந்தப் பையன்தான். ஒரு மனிதனுக்கு எவ்வளவு தேவை என்று கண்டுபிடிக்க முனிவர்களுக்கு ஆயுள் முழுக்க ஆனது. இவன் எனக்கு ஒன்றரை நிமிடத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தான். துறவெல்லாம் என் பக்கமாகவே இருந்தது என்பது தற்செயல்.

ஒன்றில் மட்டும் அவன் கஞ்சத்தனம் காட்டவில்லை. சி.பி.யு. பெட்டியின் நெற்றியில் 'ஐ5' என்று ஒரு ஸ்டிக்கர். ஐந்து என்றதும் எனக்கும் ஒரு கம்பீரம் வந்துவிட்டது. எத்தனையாவது தலைமுறை ஐந்து என்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்றாவது. 2012இல் உலகத்தைப் பார்த்த வம்சம். எந்த அலுவலகத்தில் எத்தனை வருடம் உழைத்ததோ, அந்தச் சிப்பை எடுத்துத் துடைத்து, புது மதர்போர்டில் உட்கார வைத்து, பக்கவாட்டில் கண்ணாடி போட்ட புதுப் பெட்டிக்குள் நீலமும் சிவப்புமாக விளக்கு சுற்றவிட்டிருந்தார்கள். சொந்தத் தாத்தாவையே திண்ணையில் விட்டுவிடும் காலத்தில், யாரோ ஒருவரின் தாத்தாவுக்கு ஜிகினாச் சட்டை போட்டு சஷ்டியப்தபூர்த்தி நடத்தி வைக்கிற மனம் எத்தனை பேருக்கு வரும்? மாப்பிள்ளை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதுவும் மரியாதைதான்.

வாங்கி வந்த நாள் அக்டோபர் 1, ஆயுத பூஜை. பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சாமந்திச் சரம் சுற்றி, கற்பூரம் காட்டினோம். என் மனைவி எலுமிச்சம்பழம் வெட்டி வைத்தாள். கணினிக்குள் இருந்தது விண்டோஸ் 10. அக்டோபர் 14ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அதற்கான இலவச ஆதரவை முடித்துக்கொண்டது. வாங்கிய மறுநாளிலிருந்து எண்ணிப் பாருங்கள், சரியாகப் பதின்மூன்றாம் நாள். காரியத்துக்கு நாள் பார்க்கும் வேலையைக்கூட வைக்கவில்லை. விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அது எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் சிப்புகளை வாசலிலேயே நிறுத்திவிடும், டி.பி.எம். 2.0 என்று ஒரு பாதுகாப்பு அம்சத்தையும் கேட்கும். பெரிய இடத்துச் சம்பந்தம். நமக்கு எதற்கு?

இப்போது அதன் சுறுசுறுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் பொத்தானை அழுத்திவிட்டுச் சமையலறைக்குப் போவேன். ஃபில்டரில் பொடி போட்டு, வெந்நீர் ஊற்றி, டிகாஷன் இறங்கி, பால் காய்ந்து, நுரை கட்ட ஆற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் திரையில் நீலச் சாளரம் அப்போதுதான் மலர்ந்துகொண்டிருக்கும். எஸ்.எஸ்.டி. போட்டிருந்தால் அரை நிமிடத்தில் வேலைக்கு வந்து நின்றுவிடும் என்கிறார்கள். அப்புறம் காபி எப்போது போடுவது? ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. ஒரு சின்ன முள் அதன்மேல் இங்கும் அங்கும் ஓடித் தேடி எடுத்து வர வேண்டும். காது கொடுத்தால் கரக் கரக் என்று கேட்கும். உழைப்பின் ஓசை. பெட்டியில் 500 ஜி.பி. என்று போட்டிருக்கும், கணினி 465 என்று காட்டும். தயாரிக்கிறவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. இருவருமே யோக்கியர்கள், நடுவில் 35 காணாமல் போனது.

நாலு ஜி.பி. நினைவகத்தின் அருமை மத்தியானம் தெரியும். விண்டோஸ் எழுந்து உட்காரவே அதில் பாதி தீர்ந்துவிடும். மிச்சத்தில் ஓர் உலாவி, ஒரு பி.டி.எஃப்., எழுத்துருவோடு ஒரு பக்க வடிவமைப்பு. இடம் போதாதபோது கணினி சிலதை எடுத்துக்கொண்டுபோய் ஹார்டு டிஸ்க்கில் வைத்துவிட்டு, கேட்கும்போது மறுபடி எடுத்து வரும். சமையல் மேடை சிறியதென்று அரிவாள்மணையைக் கூடத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொரு கத்தரிக்காய்க்கும் கூடத்துக்கு ஓடிப் போய் நறுக்கி வருவதைப்போல. ஒரு பக்கம் புரட்டினால் வட்டம் சுற்றும். கண் மருத்துவர்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தை இருபது விநாடி பாருங்கள் என்பார்கள். அதை நினைவூட்ட ஆளாளுக்குக் கைபேசியில் செயலி வைத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டாம். இருபது நிமிடத்தில் நான்கு முறை என் கணினியே என்னை ஜன்னல் பக்கம் திருப்பிவிடுகிறது. எதிர்வீட்டு மாமரத்தில் எத்தனை அணில் குடித்தனம் இருக்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

மலிவுக் கணினிக்கு இந்த மாநிலத்தில் ஒரு குலப்பெருமை உண்டு. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்று ஒன்றை உருவாக்கினார்கள். கிராமத்து மக்கள் ஒன்றைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம் என்பது கனவு. 2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் 'அமீதா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. விலை குறைந்த மாதிரியில் வண்ணத்திரை கிடையாது. கிடையாது என்றே சொல்லி விற்றார்கள். சில ஆயிரத்தோடு நின்றுபோனது. பிறகு 2011 அக்டோபரில் தில்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட ஆகாஷ் பலகைக் கணினி. அரசாங்கத்துக்கு 2,276 ரூபாய் அடக்கம். 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்.பி. நினைவகம், விரலால் அழுத்தினால்தான் அசையும் திரை. அத்தனையையும் செய்தித்தாளில் போட்டார்கள், நாடே சிரித்தது. என்ன வெள்ளந்தியான மனிதர்கள்! வேகத்தை எதற்கு எண்ணில் சொல்ல வேண்டும், நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் போதாதா என்று அவர்களுக்குச் சொல்லித்தர அப்போது தேவராஜ அரசு ரோட்டில் ஆள் இல்லாமல் போனார்களா?

சரி, திரைக்கு வருகிறேன். கணினியையாவது மேஜைக்குக் கீழே தள்ளிவிட்டு மறந்துவிடலாம். திரை அப்படியில்லை, நாள் முழுக்க முகத்துக்கு எதிரே நிற்கும்.

அட்டைப்பெட்டியில் 'டி.என். பேனல்' என்று போட்டிருந்தது. கே.ஏ. 09, கே.ஏ. 55 என்று ஓடும் வண்டிகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு டி.என். பலகை தென்பட்டால் எனக்கு மனம் குளிரும். நம்ம ஊர்த் திரை என்று கட்டியணைக்காத குறை. அதன் குணமும் நம்ம ஊர் விவகாரம்தான். நேரே உட்கார்ந்தால் ஒரு நிறம். எழுந்து நின்று பார்த்தால் வெளிறிப் போகும். நாற்காலியில் சரிந்து கீழிருந்து பார்த்தால் இருண்டு, கறுப்பு வெளுப்பாகி, வெளுப்பு கறுப்பாகும். காவிரியை கே.ஆர்.எஸ். அணையிலிருந்து பார்ப்பதற்கும் மேட்டூரிலிருந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். திரவப் படிகங்களை முறுக்கி நிறுத்தி ஒளியை அனுப்பும் தொழில்நுட்பம் இது. முறுக்கிய இடத்துக்கு நேரே நின்றால்தான் உண்மை தெரியும். ஐ.பி.எஸ். என்று இன்னொரு வகை உண்டு, எந்தப் பக்கம் நின்றாலும் ஏறக்குறைய ஒரே நிறம் காட்டுமாம். பெயரே போலீஸ் அதிகாரி மாதிரி இருக்கிறது. எல்லாரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்கிற அதிகாரியை வீட்டுக்குள் விடலாமா?

என் திரையோ, நான் என் இடத்தில் நிமிர்ந்து அசையாமல் அமர்ந்தால் மட்டுமே தரிசனம் தரும். அரை சாண் சாய்ந்தால் நடை சாத்திவிடும். இந்த ஒழுக்கத்துக்குத்தானே கோகுலத்தில் அவ்வளவு கட்டணம்!

நிறம் என்ற மாயையிலிருந்தும் விடுதலை. ஒருநாள் என் மனைவி பக்கத்தில் நின்று ஒரு மைசூர்ப் பட்டைப் பார்த்து, "ஏங்க, இந்தச் சாம்பல் ரோஸ் நல்லா இருக்கே" என்றாள். வரவழைத்தோம். அரக்குச் சிவப்பு. அவளிடம் முன்பே ஓர் அரக்கு இருக்கிறது. இப்போது இரண்டு.

மைசூரு அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு எல்லாம் ஒரே நொடியில் எரியும்போது கூட்டம் 'ஓ' என்று கூவும். என் திரையில் 1,366 பெருக்கல் 768, ஆக 10,49,088 புள்ளிகள். அரண்மனையைவிடப் பத்து மடங்கு. ஃபுல் எச்.டி. திரையில் 20,73,600 புள்ளிகள் என்று சொல்லிப் பாதிதான் உங்களுடையது என்பார்கள் பொறாமைக்காரர்கள். பாதி அரண்மனையாக இருந்தால் என்ன, அரண்மனைதானே. ஆனால் ஒரு வேறுபாடு. அரண்மனையில் ஒரு பல்பு செத்தால் தசராவுக்குள் மாற்றிவிடுவார்கள். என் திரையில் வாங்கிய இரண்டாம் வாரம் ஒரு புள்ளி கறுத்தது.

மற்ற மொழிக்காரனுக்கு அது ஒரு தூசி. தமிழனுக்கு அது மெய்யெழுத்து. அந்தக் கரும்புள்ளி திரையின் மேல்பாதியில், ஒரு வரியின் தலைக்கு மேலே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. நான் பக்கத்தை உருட்ட உருட்ட, எந்த எழுத்து அதன் கீழே வந்து நிற்கிறதோ அது புள்ளி வைத்துக்கொண்டது. ஒரு நாவலில் 'பல ஊர் சுற்றியவர்' என்று ஆசிரியர் எழுதியிருந்ததை நான் 'பல் ஊர் சுற்றியவர்' என்று படித்து, இது என்ன பிழை என்று புள்ளியை நீக்கச் சொல்லிக் குறிப்பு எழுதி அனுப்பினேன். பதிப்பாசிரியர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, "ஐயா, இல்லாத புள்ளியை எப்படிங்க எடுக்கறது?" என்று கேட்டார். தொல்காப்பியர் மெய்க்குப் புள்ளி உண்டு என்று விதி வகுத்ததோடு சரி. மெய்யே இல்லாத இடத்திலும் புள்ளி வைக்கும் கருவியை அவர் கண்டிருக்க மாட்டார். இன்னொரு பக்கம், உண்மையாகவே புள்ளி இருக்கும் எழுத்துகளில் சிலவற்றை இந்தத் திரை மங்கலாக்கி விழுங்கிவிடும். சின்ன எழுத்தில் புள்ளிக்கு ஒன்றோ இரண்டோ பிக்சல்தான் கிடைக்கிறது, அதுவும் வெளிறினால் 'கண்' 'கண' ஆகும். கூட்டியும் குறைத்தும் கணக்கு சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

உத்தரவாதம் ஒரு வருடம் இருந்தது. சாக்கு என்று சொன்னேனே, அதுதான். வீட்டுக்கு வந்து பார்க்கும் உத்தரவாதம் இல்லை. நாம்தான் சுமந்துகொண்டு போக வேண்டும். அந்தத் திரைக்கான சேவை மையம் பெங்களூரில் இருந்தது. நூற்று நாற்பது கிலோமீட்டர். திரையைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரி, மத்தூரில் வடை, சென்னபட்டணத்தில் மரப்பொம்மை. மேஜையில் முடங்கிக் கிடந்த என்னை இந்தத் திரை இல்லாவிட்டால் யார் ஊர் சுற்றிக் காட்டியிருப்பார்கள்? மையத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு புள்ளி செத்தால் அது பழுது ஆகாது, இத்தனைக்கு மேல் செத்தால்தான் பழுது என்று அச்சிட்ட தாளைக் காட்டினார். இத்துறையில் பல நிறுவனங்களுக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டாம். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மற்ற 10,49,087 பேரும் உயிரோடு இருக்கும்போது ஒருவருக்காக அழுவது பற்று. திரும்பும்போதும் மத்தூரில் வடை சாப்பிட்டேன்.

அதே அட்டைப்பெட்டியில் இன்னொரு வீரவசனமும் இருந்தது: கான்ட்ராஸ்ட் ஒரு கோடிக்கு ஒன்று. வெளுப்புக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம். சாதாரண நேர்மையான திரைகளில் இது ஆயிரத்துக்கு ஒன்று, சில வகைகளில் மூவாயிரம் வரை. கோடி எப்படி வந்தது? திரைக்குப் பின்னாலுள்ள விளக்கை ஏற்றி வெளுப்பை அளக்கிறார்கள்; பிறகு விளக்கையே மங்கவைத்தோ அணைத்தோ கறுப்பை அளக்கிறார்கள். அடுப்பை அணைத்துவிட்டு எரிவாயு மிச்சம் கணக்கிடுவதுபோல. இதற்கு 'டைனமிக்' என்று பெயர். இந்தக் கற்பனையில் நாலில் ஒரு பங்கு நான் திருத்தும் நாவல்களில் இருந்தாலே விருது கொடுத்துவிடுவார்கள்.

திரையின் காலைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நொண்டும். ஒரு சாண் உயரக் கால். முன்னும் பின்னும் கொஞ்சம் சாயும். மேலே ஏறாது, கீழே இறங்காது. இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்பார்கள். என் திரை அட்ஜஸ்ட் ஆகாது, ஆக வேண்டியது நான். சுவரிலோ இரும்புக் கையிலோ மாட்ட, பின்பக்கம் நாலு திருகு ஓட்டைகள் சதுரமாக இருக்க வேண்டும். என்னுடையதன் முதுகு பச்சைக் குழந்தை முதுகுபோல வழவழவென்று இருந்தது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்பது சாஸ்திரம். எனவே சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முதல் இரண்டு தொகுதிகளை அடியில் கொடுத்தேன். ஆறு தொகுதிகள் வெளிவர 1924இலிருந்து 1936 வரை ஆயிற்று. அத்தனை பேர் அத்தனை வருடம் உழைத்ததற்கு இன்றைக்குத்தான் ஒரு பயன் கிடைத்தது. அகரத்தில் தொடங்கும் சொல் எதிலாவது எனக்கு ஐயம் வந்தால் திரையை இறக்கி, தொகுதியை உருவி, பார்த்து, மறுபடி ஏற்ற வேண்டும். நாலு தடவை செய்தபிறகு அகரச் சொற்களில் எனக்கு ஐயமே வருவதில்லை.

வீட்டு அலுவலகம் என்று பேச்சு வந்ததால் இந்த ஊரின் மிகப் புகழ்பெற்ற வீட்டு அலுவலகத்தை விட்டுவிட முடியாது. யாதவகிரியில் ஆர்.கே. நாராயண் கட்டிய வீட்டின் மாடியில் அவர் எழுதிய அறை. எட்டு ஜன்னல்கள், சாமுண்டி மலை தெரியும். வீடு 2016இலிருந்து நினைவில்லமாக இருக்கிறது, நீங்களும் போய்ப் பார்க்கலாம். கண்ணுக்கு முன்னால் இத்தனை அழகு இருந்தால் எழுத்து நகராது என்று அவர் ஜன்னலுக்குத் திரை போட்டுக்கொண்டார். அவர் திரை போட்டது வெளியே தெரியாமலிருக்க. நான் திரை வாங்கியது உள்ளே தெரிவதற்காக. என் திரைக்கு முகம் பார்க்கும் கண்ணாடிபோல ஒரு பளபளப்பு. பின்னாலுள்ள ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மாமரம், மாமரத்துக்கு மேலே மேகம், எல்லாம் அதில் வந்துவிடும். நடுவில் நான். காலை பத்திலிருந்து மூன்று மணிவரை அதில் தெரியாத ஒரே பொருள் நாவல்தான். நாராயண் ஜன்னலை மூடி இயற்கையைத் துறந்தார். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியும் இயற்கை என்னை விடவில்லை. எது பெரிய திரை?

யு.பி.எஸ். பற்றி ஒரு வரி. பெட்டியில் 600 என்று கொட்டை எழுத்து. அது வி.ஏ. கணக்கு, வாட்டில் 360, பின்பக்கம் கட்டெறும்பு எழுத்தில். ஏப்ரல் மாலை மழையில் எங்காவது கிளை முறிந்து மின்சாரம் போகும்போது, திறந்திருக்கும் கோப்புக்கு விடை சொல்லிவிட்டு மூட நேரம் தரும். ஆனால் விடையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். தவணை பற்றி அரை வரி. வட்டியே இல்லாத தவணை என்றான் பையன். அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இல் வங்கிகளுக்கு எழுதியது. ரொக்கம் என்றால் கிடைத்திருக்கும் 900 ரூபாய்த் தள்ளுபடியை விட்டுக்கொடுத்து, 'நிர்வாகக் கட்டணம்' 299 கட்டி, வட்டியில்லாமல் வாங்கினேன்.

ஜனவரியில் கழுத்து திரும்பவில்லை. இடப்பக்கம் யாராவது கூப்பிட்டால் மொத்த உடம்பையும் தேர் திருப்புவதுபோலத் திருப்பினேன். பிசியோதெரபிஸ்ட் முதல் கேள்வியாக, "கம்ப்யூட்டர் எந்த உயரத்தில் இருக்கு?" என்றார். இரண்டு தொகுதி என்றேன். பத்து அமர்வு, அமர்வுக்கு 400, ஆக நாலாயிரம் ரூபாய். படுக்க வைத்துப் புஜங்காசனம் கற்றுக்கொடுத்தார். ஒருவகையில் கோகுலத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். உயரம் மாற்றக்கூடிய காலோடு, 24 அங்குல ஐ.பி.எஸ். திரை ஒன்றை அன்று கடையில் பார்த்தது நினைவிருந்தது. மூவாயிரத்து இருநூறு கூடுதலாகக் கேட்டான். அன்று அதை மிச்சப்படுத்தியிராவிட்டால் இந்த நாலாயிரத்துக்கு நான் எங்கே போயிருப்பேன்?

சென்ற வாரம் ஒரு மவுஸ் வாங்க அதே கடைக்குப் போனேன். பழைய மவுஸுக்கு ஒன்றுமில்லை, நான்தான் காத்திருந்த நேரங்களில் அழுத்தி அழுத்தி அதன் இடக் காதைத் தேய்த்துவிட்டேன். தசரா பதாகை இன்னும் இறங்கவில்லை. பையன் அடையாளம் கண்டு, "பன்னி சார், கம்ப்யூட்டர் ஹேகிதே?" என்றான். எப்படி இருக்கிறது என்கிறான். சொர்க்கம் என்றேன். முகம் மலர்ந்தது.

பில் போடும் மேஜைக்குப் போனோம். இத்தனை நாள் நான் அந்த மேஜையின் எதிர்ப்பக்கத்திலேயே நின்றிருந்ததால் கவனிக்கவில்லை. அன்று கூட்டமாக இருந்ததால் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றேன். பக்கவாட்டிலிருந்தும் நிறம் மாறாமல் ஒரு திரை. 24 அங்குலம், மேஜை விளிம்பில் கவ்விய ஓர் இரும்புக் கையில், பையனின் கண் மட்டத்துக்குச் சரியாகத் தொங்கியது. பளபளப்பு இல்லை, தலைக்கு மேலே குழல்விளக்கு எரிந்தும் ஒரு துளி பிரதிபலிப்பு இல்லை. அதன் முதுகில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. வண்ண விளக்கு இல்லை, ஸ்டிக்கர்கூட இல்லை. அவன் என் கைபேசி எண்ணின் முதல் நாலு இலக்கத்தைத் தட்டுவதற்குள் என் பெயர், வீட்டு முகவரி, வாங்கிய தேதி எல்லாம் வந்து நின்றன.

"இது எத்தனை ஜி.பி.ப்பா?"

"ஹதினாறு சார்."

"பில் போடறதுக்கு நால்க்கு சாக்கல்வா?"

ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை, வெட்கப்பட்ட சிரிப்பு.

"நாங்க தினா இதையேதானே சார் நோட்ணும்" என்றான்.